ஒரு சேனலில் ஓடிய தெப்பம்

செம்பூரில் எங்கள் வீட்டுப் பால்கனியில் இரண்டு பேர் நிற்கலாம், அல்லது ஒரு மேஜை நிற்கலாம். மேஜைதான் நிற்கிறது. அது என் கணவருடையது. அதன்மேல் ஒரு படகு, படகின் வயிற்றிலிருந்து உருவிய ஒயர்கள், சால்டரிங் அயர்ன், பசை டப்பாக்கள், வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்த என்னுடைய நல்ல கத்தரிக்கோல். மழைக்காலத்தில் துணி உலர்த்த எனக்கு இடமில்லை. ஹாலில் ஃபேனுக்கு அடியில் கொடி கட்டி, ஈரப் புடவைகளுக்கு நடுவில் குனிந்து புகுந்துதான் டீவி பார்க்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் என் உள்பாவாடையைப் பார்த்துவிடுகிறார்கள்.

அவர் அணுசக்தி நகர்ப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை என்று கேட்டால் "இன்ஸ்ட்ருமென்ட்ஸ்" என்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்ததில்லை. காலையில் ஸ்டாஃப் பஸ் தெருமுனையில் வந்து நிற்கும், ஏறிப் போவார், சாயங்காலம் அதே பஸ் கொண்டுவந்து இறக்கிவிடும். ஓய்வு பெற்ற புதிதில் அதே நேரத்துக்குக் குளித்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, போக இடமில்லாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பிறகு எங்கிருந்தோ அந்த மேஜை வந்தது. இப்போது அதே நேரத்துக்குக் குளித்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு பால்கனிக்குப் போகிறார். டிபனுக்கு உள்ளே வருகிறார், கை கழுவிவிட்டுத் திரும்பப் போகிறார். அந்த மேஜை அவருக்கு ஆபீஸ். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், ஈரத்துணி முகத்தில் வந்து அடிக்கும்போது கோபம் வரத்தான் செய்கிறது.

வேலையிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு பழக்கம். எதையும் செய்வதற்கு முன்னால், என்ன செய்யப்போகிறோம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். கூட இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கை நகர வேண்டும். அங்கே அதற்கு நல்ல காரணம் இருந்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. இங்கே கேஸ் சிலிண்டர் மாற்றுவதற்கும் அதே கதைதான். "ரெகுலேட்டர் பந்த்" என்பார், இந்த ஊர் ஹிந்தியில் மூடியாயிற்று என்று அர்த்தம். நான் "ரெகுலேட்டர் பந்த்" என்று சொல்லும்வரை கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு தடவை நான் வீம்புக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரும் அசையவில்லை. கடைசியில் பசி தாங்காமல் நான்தான் பேசினேன்.

படகு என்றால் துறைமுகத்தில் பெரிய கப்பலைக் கட்டி இழுக்குமே, அந்தக் குட்டிப் படகின் பொம்மை. பொம்மை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, மாடல் என்று சொல்ல வேண்டும். கை நீளம் இருக்கும். ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சியை மேலே தள்ளினால் படகு முன்னால் போகும், கீழே இழுத்தால் பின்னால் வரும். வலது குச்சியை இடமும் வலமும் ஆட்டினால் படகு திரும்பும். அதோடு நிறுத்தியிருந்தால் எங்கள் குடும்பத்தில் அமைதி இருந்திருக்கும். அவருக்குப் படகில் விளக்கு எரிய வேண்டும். ஒரு விளக்கு போதாது. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலே வரிசையாகக் குட்டி பல்புகள், முகப்பில் ஒரு ஃபோகஸ் லைட். இத்தனையையும் கரையில் நின்றுகொண்டே தனித்தனியாக ஏற்ற வேண்டும், அணைக்க வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்விட்ச் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்றேன். அவர் சிரித்தார். ரிமோட்டிலிருந்து படகுக்குக் கட்டளை போகும் வழிக்குச் சேனல் என்று பெயராம். அவரிடம் மிச்சமிருப்பது ஒரே ஒரு சேனல். வலது குச்சியை மேலே தள்ளும் அசைவு மட்டும் எதற்கும் பயன்படாமல் சும்மா இருக்கிறது, அதில்தான் எல்லா விளக்கும் எரிய வேண்டும். சால் என்கிற வரிசை வீடுகளில் ஒரே குழாயில் ஆறு வீட்டுக்காரர்கள் தண்ணீர் பிடிப்பதுபோல என்று எனக்குப் புரிந்தது. லாமிங்டன் ரோடுக்குப் போய் ஒரு குட்டி சர்க்யூட் வாங்கிவந்தார். அது தட்டுகளை எண்ணும். குச்சியை ஒரு தட்டு தட்டினால் சிவப்பும் பச்சையும். இன்னொரு தட்டு, அவை அணைந்து பல்பு வரிசை. மூன்றாவது தட்டு, ஃபோகஸ். நாலாவது, எல்லாமும் சேர்ந்து. ஐந்தாவது தட்டினால் எல்லா விளக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி சிமிட்டும். ஆறாவதில் எல்லாம் பந்த்.

அந்த ஐந்தாவது எதற்கு என்று கேட்டேன். கடலில் ஆபத்தில் மாட்டிக்கொண்ட கப்பல் காப்பாற்றச் சொல்லிக் கொடுக்கும் சைகையாம். சர்க்யூட்டிலேயே அது இருக்கிறது, எடுக்க முடியாது. பின்னால் திரும்பி வரவும் வழியில்லை. விளக்கை அணைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் "ஐயோ காப்பாத்துங்கோ" என்று கதறிவிட்டுத்தான் அணைக்க வேண்டும். செம்பூரில் மூன்றாம் மாடி பாத்ரூம் வாளியில் மிதக்கிற படகை யார் வந்து காப்பாற்றப்போகிறார்கள் என்று கேட்டேன்.

மழைக்காலம் முழுக்க இந்தத் தட்டு ஒத்திகை நடந்தது. பாத்ரூமிலிருந்து "ஒரு தட்டு, சிவப்பு பச்சை" என்று குரல் வரும். நான் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே "ஒரு தட்டு, சிவப்பு பச்சை" என்பேன். சொல்லாவிட்டால் அவர் வெளியே வரமாட்டார், நான் குளிக்க முடியாது. கேட்டுக் கேட்டு அந்த வரிசை எனக்கு ஸ்லோகம் மாதிரி மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்து நிற்கும்போது என் வாய் தானாக "மூணு தட்டு, ஃபோகஸ்" என்று முணுமுணுத்தது. பக்கத்தில் நின்ற பெண் நகர்ந்து போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போது நவராத்திரி வந்தது. என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, மாட்டுங்காவில் இருக்கிறார். அவர் வீட்டுக் கொலு அந்தத் தெருவில் பிரசித்தம். முழங்கால் முடியவில்லை என்று போன வருஷம் கொலுவை எங்கள் வீட்டுக்கு மாற்றிவிட்டார். பொம்மைகளை டாக்ஸியில் அனுப்பினார், பின்னாலேயே உத்தரவுகளைப் போனில் அனுப்பினார். பொம்மைகளில் அவருக்கு உயிர் ஒரு பெருமாள்மேல்தான். இரண்டு பக்கமும் தாயார்களோடு உட்கார்ந்திருக்கிற மண் பொம்மை. தண்ணீர் பட்டால் கதை முடிந்தது.

கொலுவுக்கு முன்னால் பூங்காவும் குளமும் வைப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. குளம் என்றால் ஒரு தட்டில் தண்ணீர், அதில் இரண்டு பிளாஸ்டிக் வாத்து. என் கணவர் வாத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் நிஜமாகவே தெப்போற்சவம் நடத்தலாம் என்றார். படகின் மேல்பகுதியைக் கழற்றிவிட்டுத் தெர்மோகோலில் மண்டபம் கட்டி, பெருமாளை எழுந்தருளப்பண்ணி, குளத்தைச் சுற்றி வரச்செய்வது. மண்டபத்தின் தூண்களில் பல்பு வரிசை, பெருமாள் முகத்துக்கு ஃபோகஸ். நாத்தனாரிடம் போனில் சொன்னார். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, பெருமாள் விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். விழமாட்டார் என்றார் இவர். விழுந்தால் அந்த மேஜை விஜயதசமி அன்று பழைய சாமான் வாங்குகிற கபாடிவாலாவிடம் போகும் என்று நான் ஸ்பீக்கரில் குறுக்கே புகுந்தேன். விழவே வேண்டாம், வந்தவர்கள் எதிரில் மானம் போனாலே போதும், மேஜை போகும். நாத்தனார் உடனே அதற்குச் சாட்சியாகிவிட்டார். என் கணவர் வழக்கம்போல் திருப்பிச் சொன்னார்: "தெப்பம் கெட்டா மேஜை போறது." எனக்குப் பாவமாக இருந்தாலும், மனதுக்குள் பால்கனியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கொடி கட்டிவிட்டேன்.

குழந்தைகள் குளிக்கிற காற்றடிக்கும் ரப்பர் தொட்டி ஒன்று வாங்கினார். காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றி நிரப்பினோம். கீழ் வீட்டு மராத்தி மாமி, காக்கூ என்று கூப்பிடுவோம், மாடி ஏறி வந்து பார்த்துவிட்டு, தன் வீட்டுக் கூரையை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். மண்டபம் நன்றாகத்தான் வந்திருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். நாலு பக்கமும் ஒரே மாதிரி, சுற்றிலும் தங்க நிறப் பேப்பர், படகு இருப்பதே தெரியாமல் கீழே பட்டுத் துணி.

தெரியாமல் இருந்ததுதான் வினை. நவராத்திரி முதல்நாள் காலையில் நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. இவர் புது பேட்டரி வாங்கப் போயிருந்தார். நான் பெருமாளைக் கிழக்கே பார்த்து மண்டபத்தில் உட்காரவைத்து, கோலம் போட்டு, கற்பூர ஆரத்தி எடுத்து முடித்தேன். பேட்டரியோடு வந்தவர் குளத்தருகில் குனிந்து பட்டுத் துணியைத் தூக்கிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெருமாள் படகின் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

திருப்பி வைத்தால் போயிற்று என்றார். எங்கள் பக்கத்தில் கொலுவில் பொம்மையை வைத்து ஆரத்தி எடுத்துவிட்டால், விஜயதசமிவரை அசைக்கக்கூடாது. அது தெரிந்தும் கேட்கிறார். முடியாது என்றேன். தெப்பத்துக்கு ஏது முன்னும் பின்னும், பெருமாள் பின்னால் பார்த்துக்கொண்டே போகட்டுமே என்று அடுத்த யோசனை சொன்னார். இதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்று நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவர் தம்பியைக் கூப்பிடச் சொல்லி ஒரே கேள்விதான் கேட்டார்.

"என் பெருமாள் ரிவர்ஸ்ல போவாராடா?"

ஆகவே பெருமாள் இருந்தபடி இருக்க, படகுதான் பின்பக்கமாக ஓடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மோட்டார் ஒயர்களை மாற்றிப் போட வேண்டும், பெருமாளின் முதுகுப் பக்கம் போய்விட்ட ஃபோகஸை முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் இப்போது பக்கம் மாறிவிட்டதால் அவற்றையும் மாற்ற வேண்டும். நம் ஹாலில் எதிரே எந்தக் கப்பலும் வரப்போவதில்லை, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அது சட்டம் என்றார். இதில் விசேஷம் என்னவென்றால், பெருமாள் மேலே உட்கார்ந்திருப்பதால் படகையும் குளத்திலிருந்து எடுக்கக்கூடாது. அதனால் என் கணவர், இன் பண்ணின சட்டையோடு ஹாலில் குப்புறப் படுத்து, குளத்தின் ரப்பர் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, பட்டுத் துணிக்குள் கையை விட்டு சால்டரிங் பண்ணினார். ஸ்வாமி எதிரில் என்ன புகை இது என்று கேட்டேன். சாம்பிராணி என்று நினைத்துக்கொள் என்றார். மண்டபத்தைச் சுற்றி அந்தப் புகை எழும்பியபோது, உண்மையைச் சொன்னால், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

படகுகள் பின்பக்கமாகப் போக விரும்புவதில்லை. வேகம் பாதியாகிவிட்டது, திருப்பினால் திரும்புவதில்லை, இஷ்டத்துக்கு அலைந்தது. அதை அடக்குவதற்காக இவர் வலது குச்சியை அழுத்தி இடமும் வலமும் ஆட்டினார். ஆட்டும்போது கை கொஞ்சம் மேலே நழுவினாலும் சர்க்யூட் அதை ஒரு தட்டாக எண்ணிக்கொண்டது. ஆக, படகு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் விளக்கு மாறியது. வலதுபக்கம் திரும்பினால் பல்பு வரிசை, இடதுபக்கம் திரும்பினால் ஆபத்து. இரண்டு நாள் பழகி ஒருவழியாகக் கட்டுக்குள் கொண்டுவந்தார். இரவல் புடவை கட்டிக்கொண்டவள்போல் ஜாக்கிரதையாகக் கையை வைத்துக்கொண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி சுண்டலுக்குத் தேங்காய் துருவினேன்.

வெள்ளிக்கிழமை நாத்தனார் வந்தார். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள எங்கள் பில்டிங்கிலிருந்து பெண்கள் ஹால் நிறைய வந்திருந்தார்கள், காக்கூவும் வந்திருந்தாள். நாத்தனார் குளத்துக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெருமாளைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். ட்யூப்லைட்டை அணைத்தோம். இருட்டில் என் கணவர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் சுற்று ஒழுங்காகப் போயிற்று. சிவப்பும் பச்சையும் ஏந்தி மண்டபம் மெல்ல நகர்ந்தபோது பெண்கள் ஆஹா என்றார்கள். இரண்டாவது சுற்றில், கோயில் மாதிரி முகத்துக்கு மட்டும் வெளிச்சம் காட்டேன்டா என்று நாத்தனார் சொன்னார். இவர் பதறிப்போய்த் தட்டினார், கூடவே திருப்பவும் செய்தார். படகு சுற்றைவிட்டு விலகி நேராகக் கொலுப்படி இருக்கும் மூலைக்குப் போயிற்று. ரப்பர் விளிம்பு அசிங்கமாகத் தெரிகிறதே என்று படியில் விரித்திருந்த வேஷ்டியின் ஓரத்தை நான் அதன்மேல் இழுத்துவிட்டிருந்தேன். மண்டபத்தின் மூலையில் செருகியிருந்த குண்டூசி போய் அந்த வேஷ்டியில் குத்திக்கொண்டது.

அவர் இன்னும் முன்னால் தள்ளினார், இடமும் வலமும் ஆட்டினார். ஊசி இன்னும் ஆழமாகப் போயிற்று. வேஷ்டி நகர, கடைசிப் படியில் இருந்த செட்டியார் பொம்மை தன் மளிகைக் கடையோடு விளிம்புக்கு வந்தார். மண்டபம் ஒருபக்கம் சாய்ந்தது, பெருமாளும் கூடவே சாய்ந்தார். ஆட்டிய ஆட்டத்தில் தட்டுகள் ஏறி, படகு எல்லா விளக்கையும் சிமிட்டிக் கதற ஆரம்பித்தது. காக்கூ, "ஏக்தம் டிஸ்கோ", அசல் டிஸ்கோவேதான், என்று கைதட்டினாள். வேறு யாரும் தட்டவில்லை. அந்த மூலை கைக்கு எட்டாது. எட்டினாலும், "தொடாதே" என்று நாத்தனார் எழுந்து நின்றுவிட்டார்.

"போறும்டா. நாளைக்கே அந்த டேபிளை எடுத்துடு. இந்த வயசுல விளையாட்டென்ன வேண்டியிருக்கு."

என் கணவர் ரிமோட்டைத் தரையில் மெதுவாக வைத்தார். வைத்துவிட்டு, சட்டை கசங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் முன்பக்கத்தை ஒருதரம் நீவிக்கொண்டார். அந்த சோபாவில் உட்கார்ந்திருந்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது. பால்கனி எனக்குக் கிடைத்துவிட்டது. இனிமேல் மழைக்காலத்தில்கூட என் துணிகள் காற்றில் ஆடும். அதை நினைத்துச் சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. யார்மேல் என்று யோசிக்கவில்லை. ரிமோட்டை எடுத்துக்கொண்டேன்.

அதற்குமுன் நான் அதைத் துடைக்கக்கூடத் தொட்டதில்லை. ஆனால் தையல் தெரிந்தவளுக்கு ஒரு விஷயம் தெரியும், ஊசி போன வழியேதான் வெளியே வரும். அதாவது பெருமாள் ரிவர்ஸில் வர வேண்டும். நாத்தனார் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது நடக்காது. அதனால்தான் இவருக்கு அந்த யோசனையே வரவில்லை, வந்திருந்தாலும் துணிந்திருக்கமாட்டார். எனக்குச் சட்டென்று கோயில் ஞாபகம் வந்தது. சன்னிதியில் அலங்காரம் கலைந்தால் நம் எதிரிலா சரிசெய்கிறார்கள்?

"எல்லாரும் கொஞ்சம் இருங்கோ," என்றேன். "திரை போடப்போறது."

திரை என்றால் நம் மனிதர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அத்தனை பேரும் பேச்சை நிறுத்திக் கையைக் கூப்பிக்கொண்டார்கள். நாத்தனாரும் கூப்பிக்கொண்டார். காக்கூ மற்றவர்களைப் பார்த்துக் கூப்பிக்கொண்டாள். நான் என் கணவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"ஒரு தட்டு. எல்லாம் பந்த்."

அவர் என்னைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது. "ஒரு தட்டு, எல்லாம் பந்த்."

தட்டினேன். கதறல் நின்று, ஹால் கும்மிருட்டாகிவிட்டது. அடுத்தது எந்தக் குச்சி என்று எனக்குக் குழம்பியது. ஒயரை மாற்றிப் போட்ட பிறகு மேல் எது, கீழ் எது? "கீழ்தானே" என்று கிசுகிசுத்தேன். ஸ்வாமியை ரிவர்ஸில் கொண்டுவரச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை என்று நினைக்கிறேன். பிறகு மெல்ல, "இடது குச்சி, கீழே, கால் பங்கு" என்றார். நானும் திருப்பிச் சொன்னேன். இழுத்தேன்.

பல நாள் கழித்துத் தனக்குப் பழக்கமான திசையில் போகக் கிடைத்த சந்தோஷத்தில் படகு விருட்டென்று கிளம்பியது. இருட்டில் சளக் என்று ஒரு சத்தம். படியில் ஏதோ உருண்டது. யாரோ பெருமாளே என்றார்கள். "விடு" என்றார் இவர். நான் விட்டேன். தண்ணீர் ரப்பரில் மோதி அடங்கும்வரை காத்திருந்தோம். பெருமாள் இருக்கிறாரா, குளத்துக்குள் போய்விட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இருட்டில் மேஜை, பால்கனி, துணி எதுவும் என் நினைவில் இல்லை. அவர் தோற்றுவிடக்கூடாது என்பது மட்டும்தான் இருந்தது.

ஒரு தட்டு. சிவப்பும் பச்சையும் தண்ணீருக்கு நடுவில் தெரிந்தன. இரண்டாவது தட்டு. தூண்களில் பல்புகள் வரிசையாக எரிந்து மண்டபம் நேராக நின்றது. மூன்றாவது தட்டை நான் கண்ணை மூடிக்கொண்டுதான் தட்டினேன்.

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். விடுபட்ட வேகத்தில் படகு சுழன்று திரும்பியிருக்க வேண்டும். பெருமாள் முகத்தில் வெளிச்சம் விழுந்து, இரண்டு தாயார்களோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், நாத்தனாரை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாத்தனார் கண்ணில் தண்ணீர். யாரோ ஒரு மாமி கற்பூரத்தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். நாலாவது தட்டு தட்டி எல்லா விளக்கையும் போட்டேன். அதற்கு மேல் தட்ட எனக்குத் தைரியம் இல்லை. ஐந்தாவது வழியாகப் போனால்தானே அணைக்க முடியும். அதனால் பேட்டரி தீரும்வரை பெருமாள் அப்படியே ஜொலித்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ட்யூப்லைட் போட்டபோது, செட்டியார் மட்டும் தரையில் கிடந்தார், அரிசி மூட்டையில் ஒன்று உடைந்திருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

எல்லாரும் சுண்டலை வாங்கிக்கொண்டு, தெப்பத்தை வீடியோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். என் கணவர் குளத்தருகில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் சேனல் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தார். நாத்தனாரை லிஃப்ட்வரை கொண்டுவிட நான் போனேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவிலிருந்து தன் சிநேகிதிகளை அழைத்துவரப்போவதாகச் சொன்னார். பிறகு லிஃப்டின் கதவைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஊசி எப்படி வெளியே வந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது, அவரும் தையல் தெரிந்தவர்தான். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சும்மா இருந்திருந்தா உனக்குப் பால்கனி கிடைச்சிருக்குமே. நான்தான் எடுத்துடச் சொல்லிட்டேனே."

"அதனாலதான் அக்கா," என்றேன். "அவர் டேபிளைத் தூக்கிப் போடறதுன்னா நான் போடுவேன். இன்னொருத்தர் எடுன்னு சொல்லப்படாது."

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் என் கையில் இருந்த ரிமோட்டைத்தான் பார்த்தார். அதை இன்னும் நான் கீழே வைக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். லிஃப்ட் கதவு மூடி, அவர் கீழே போனார். ஹாலிலிருந்து இவர் குரல் கேட்டது, காக்கூவுக்கு ஹிந்தியில் சர்க்யூட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் பாவம் ஹாம் ஹாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று கொஞ்ச நேரம் நானும் கேட்டேன். அந்த மேஜையை நான் ஒருநாளும் தூக்கிப் போடப்போவதில்லை என்று அங்கே நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒருதரமாவது கபாடிவாலாவைக் கூப்பிடுவேன் என்று மிரட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.